தாளம் போடத் தெரிந்த கையோடு ப்ரோக்ரெசிவ் ராக் கேட்பது எப்படி

நீண்ட பாடல்களும் மாறிவரும் தாளக் கணக்குகளும் கொண்ட மேற்கத்திய ராக் இசை வகையான ப்ரோக்ரெசிவ் ராக்கில் மிகத் துணிந்து சோதனை செய்த ஆல்பங்களைக் கேட்க விரும்பும் சென்னைவாசிக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: மார்கழிக் கச்சேரிகளில் தொடையில் தாளம் போட்டுப் பழகியவராக நீங்கள் இருந்தால், இந்த இசைக்கு வேண்டிய பயிற்சியில் பாதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. மீதிப் பாதியை எங்கிருந்து பெறுவது, பழைய பழக்கம் எந்த இடத்தில் உதவாமல் போகிறது, எந்த ஆல்பத்துக்குப் பிறகு எந்த ஆல்பத்தை எடுப்பது என்பவற்றைச் சொல்வதே இங்கே என் நோக்கம். கல்லூரி நாட்களில் ஹென்றி கௌ குழுவின் ஆல்பத்தைத் தான் நான் முதன்முதலில் கையில் எடுத்தேன். முழுவதும் கேட்டு முடிக்க முடியவில்லை. அதன் பிறகு இந்த இசையின் பக்கமே பல ஆண்டுகள் போகாமல் இருந்துவிட்டேன். அந்த ஆல்பத்தில் குறை ஒன்றும் இல்லை; வரிசைதான் தவறு.

முதலில் கேட்கும் இடத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். இந்த ஆல்பங்களில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி, திரைப்பாடல்களில் நாம் கேட்டுப் பழகியதைவிட மிக அதிகம். கிங் கிரிம்சன் குழு 1973இல் வெளியிட்ட ‘லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக்’ ஆல்பத்தின் தொடக்கத்தில் கட்டைவிரலால் மீட்டும் சிறு கருவிகளும் மணி ஒலிகளும் மட்டுமே சில நிமிடங்கள் மெல்ல ஒலிக்கும். மின்விசிறி முழு வேகத்தில் ஓடும் அறையில் அது காதில் விழவே விழாது. கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டினால், பின்னால் கிடாரும் டிரம்ஸும் சேர்ந்து வந்து இறங்கும்போது காது வலிக்கும். ஆகவே விசிறியைக் குறைத்துவிட்டு, காதை மூடி உட்காரும் ஹெட்ஃபோனை அணிந்து, உரத்த பகுதிக்கு ஏற்றபடி ஒலியை முன்கூட்டியே அமைத்துவிட்டுத் தொடக்கத்தைப் பொறுமையாகக் கேளுங்கள். கடற்கரை–தாம்பரம் மின்ரயிலில் கேட்பதற்கு உரிய இசை இது அன்று. கைபேசிச் செயலியில் பாடல்களைக் கலைத்துப் போடும் வசதியையும், ஒரு பாடலின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு குழைக்கும் வசதியையும் நிறுத்திவிட வேண்டும். மறுவெளியீடுகளில் ஆல்பம் முடிந்த பிறகு ஒத்திகைப் பதிவுகளையும் மேடைப் பதிவுகளையும் சேர்த்திருப்பார்கள். அவற்றைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ இருபது நிமிடம் என்பதை மனத்தில் வைத்தே இவற்றை இசையமைத்தார்கள் என்பதால், ஒரு நாளுக்கு ஒரு பக்கம் என்பது நல்ல அளவு.

அடுத்தது கைப்பயிற்சி. பிங்க் ஃபிளாய்ட் குழுவின் ‘மனி’ பாடல் (1973) சோதனை இசை என்று சொல்லத்தக்கதன்று என்றாலும், பயிற்சிக்கு அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. அதன் பேஸ் கிடார் ஏழு எண்ணிக்கையில் சுழல்கிறது. மிஸ்ர சாபுவைவிட நிதானமான ஏழு அது. ஒரு சுற்றுக்கு ஏழு என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே வாருங்கள். சாக்ஸபோன் தனி முடிந்து கிடார் தனி தொடங்கும் இடத்தில் ஏழு நான்காக மாறும்போது உங்கள் கை தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தை நீங்களே உணர்ந்துவிட்டால் முதல் பாடம் முடிந்தது. பிறகு ஜெனிசிஸ் குழு 1972இல் வெளியிட்ட ‘ஃபாக்ஸ்ட்ராட்’ ஆல்பத்தின் நீண்ட இறுதிப் பாடலுக்குச் செல்லுங்கள். அதன் பிற்பகுதியில் டிரம்ஸும் பேஸும் ஒன்பதை மூன்று, இரண்டு, நான்கு என்று பிரித்து விடாமல் வாசிக்கும். வாயால் ‘தகிட தக தகதிமி’ என்று சொல்லிக்கொண்டே கேட்டால், அதன் மேல் டோனி பேங்க்ஸின் ஆர்கன் அந்த ஒன்பதைப் பொருட்படுத்தாமல் தன் போக்கில் போவதும், இரண்டும் எங்கோ ஓரிடத்தில் வந்து சேர்வதும் தெளிவாகத் தெரியும். தனி ஆவர்த்தனத்தின்போது கேன்டீனுக்கு எழுந்து போகாமல், மிருதங்கம் சமத்துக்கு எப்படி வந்து சேரப்போகிறது என்று காத்திருப்பவருக்கு இந்த உணர்வு புதிதன்று.

இந்த இரண்டும் கைவந்த பிறகு கிங் கிரிம்சனுக்குள் நுழையலாம். நுழைவாயிலாக நான் பரிந்துரைப்பது 1974இல் வந்த ‘ரெட்’ ஆல்பம். அது கடைகளுக்கு வருவதற்கு முன்பே அதன் கிடார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப் குழுவைக் கலைத்துவிட்டிருந்தார். அதன் கடைசிப் பாடலான ‘ஸ்டார்லெஸ்’ பன்னிரண்டு நிமிடங்களுக்குச் சற்று மேல் நீள்கிறது. முதல் நாலரை நிமிடம் மெதுவான, துயரம் தோய்ந்த பாட்டு. அதன் பிறகு குரல் அடங்கி, பேஸ் கிடார் பதின்மூன்று எண்ணிக்கையில் ஒரு சுழற்சியைத் தொடங்குகிறது. ‘தகதிமி தகதிமி தகதகிட’ என்று சொல்லிப் பாருங்கள், கை நிற்கும். கிடாரோ ஏறக்குறைய ஒரே ஸ்வரத்தை விடாமல் மீட்டிக்கொண்டு, நெடுநேரம் கழித்து ஒரு படி மேலே ஏறுகிறது, பிறகு இன்னொரு படி. இந்த இடத்தில் மெலடி எங்கே என்று தேடாதீர்கள். அந்த ஒற்றை ஸ்வரம் ஏறும் கணங்களை மட்டும் கவனியுங்கள். நான்கைந்து நிமிடம் அப்படிக் காத்திருந்தவருக்கே, கடைசியில் தொடக்க மெலடி முழு பலத்தோடு திரும்பி வரும்போது அது ஏன் அவ்வளவு பெரிதாக ஒலிக்கிறது என்பது புரியும்.

அதன் பிறகே ‘லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக்’. யெஸ் குழுவின் புகழின் உச்சத்தில் அதை விட்டு விலகி வந்த பில் புரூஃபோர்ட் டிரம்ஸ் வாசிக்க, அவருக்குப் பக்கத்தில் உலோகத் தகடுகளையும் சங்கிலிகளையும் கையில் கிடைத்த பொருள்களையும் தாளக் கருவிகளாக்கிக்கொண்டு ஜேமி மியூர் நிற்கிறார். டேவிட் கிராஸ் வயலின் வாசிக்கிறார். மியூர் அந்த ஆண்டே குழுவை விட்டு விலகி ஸ்காட்லாந்தில் ஒரு பௌத்த மடத்தில் சேர்ந்துவிட்டார். இந்த ஆல்பத்தில் முதலில் கேட்க வேண்டியது கடைசிப் பகுதி: பத்து எண்ணிக்கையை ‘தகிட தகிட தக தக’ என்று உடைத்து வாசிக்கும் கிடார். அது கைக்கு வந்த பிறகு தொடக்கத்துக்குத் திரும்பி, முழுவதையும் ஒரே அமர்வில் கேளுங்கள்.

இதே குழு புதிய உறுப்பினர்களோடு 1981இல் வெளியிட்ட ‘டிசிப்ளின்’ ஆல்பம், கணக்கில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு விருந்து. ‘ஃப்ரேம் பை ஃப்ரேம்’ பாடலில் ஃபிரிப்பும் ஏட்ரியன் பெலூவும் ஒரே வேகமான கோலத்தைச் சேர்ந்து வாசித்துக்கொண்டிருக்கையில், ஒருவர் பதினான்கு ஸ்வரங்களைத் தொடர, மற்றவர் ஒன்றைக் குறைத்துப் பதின்மூன்றாக வாசிக்கத் தொடங்குகிறார். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஸ்வரம் விலகிக்கொண்டே போகிறது. இரண்டும் தொடங்கிய இடத்தில் மீண்டும் சேர வேண்டுமானால் 182 ஸ்வரங்கள் கடந்தாக வேண்டும். கோர்வை அமைப்பவர்கள் தாளில் எழுதிப் பார்க்கும் கணக்குதான் இது. ஆனால் இங்கே முக்கியமானது வந்து சேர்வதன்று, விலகிப் போவது. இரண்டு கிடார்களும் இடது வலது காதுகளில் தனித்தனியாக ஒலிப்பதால், ஒரு சுற்று முழுவதும் இடது காதை மட்டும் பின்பற்றுங்கள், அடுத்த முறை வலது காதை.

தாளக் கணக்கு துணை நிற்கும் எல்லை இதுவரை. இனி வருவது நம் காதுக்குப் பழக்கமில்லாத நிலம், இங்கேதான் அதிகப் பொறுமை தேவைப்படும். நம் மரபில் மெலடி என்பது ஒன்றே. வயலின் பாடகரைத் தொடர்கிறது, தம்புரா சுருதியைத் தருகிறது. ஒன்றுக்கொன்று சமமான நான்கு மெலடிகள் ஒரே நேரத்தில் ஓடும்போது நமக்குக் கேட்பது கூச்சலாக இருக்கும். இதற்கான மருந்து ஜென்டில் ஜயன்ட் குழுவிடம் இருக்கிறது. ‘ஃப்ரீ ஹேண்ட்’ (1975) ஆல்பத்தின் ‘ஆன் ரிஃப்ளெக்‌ஷன்’ பாடலில் குரல்கள் ஒவ்வொன்றாக நுழைகின்றன. பின்னால் அதே அமைப்பைக் கருவிகள் ஏற்றுக்கொள்கின்றன. நான் இதை நான்கு முறை கேட்டுத்தான் கற்றுக்கொண்டேன்: முதல் முறை முதலில் நுழைந்த குரலை மட்டும் கடைசி வரை விடாமல் பிடித்துக்கொண்டேன், மறுமுறை இரண்டாவது குரலை, இப்படியே நான்கையும். ஐந்தாவது முறை எதையும் பிடிக்காமல் கேட்டபோது நான்கும் ஒன்றாக விரிந்தன. அந்த ஐந்தாவது முறைக்காக முதல் நான்கையும் சலிக்காமல் செய்யுங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்வேன். இது வந்துவிட்டால் 1972இல் வந்த ‘ஆக்டபஸ்’ ஆல்பத்தின் சிக்கலான குரல் பின்னல்களும் தாமே அவிழும்.

யெஸ் குழுவின் ‘டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்’ (1973) ஆல்பத்தைப் பற்றி நம் ஊரில் ஆர்வத்தோடு கேட்பவர்கள் உண்டு. பரமஹம்ச யோகானந்தரின் தன்வரலாற்றில் சாத்திரங்களைப் பற்றி வரும் ஓர் அடிக்குறிப்பைப் படித்த அக்குழுவின் பாடகர் ஜான் ஆண்டர்சன், அதிலிருந்து நான்கு பக்கங்களுக்கு நான்கு நீண்ட பாடல்களை உருவாக்கினார் என்பது உண்மை. அந்தத் தொடர்பை நம்பி இதை முதலில் எடுத்துவிடாதீர்கள். எண்பது நிமிடம் நீளும் இது, அந்தக் குழுவை நன்கு அறிந்தவர்களுக்கே சோர்வு தருவதுண்டு. நம் இசையோடு உண்மையான உறவை நாடுபவர்கள் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ (1973) ஆல்பத்தைக் கேட்கலாம். அதன் தலைவர் ஜான் மெக்லாக்லின்தான் பிறகு எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் சக்தி குழுவை நடத்தியவர்.

வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் குழுவின் ‘பான் ஹார்ட்ஸ்’ (1971) ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே பாடல்: கலங்கரை விளக்கக் காவலன் ஒருவனின் தனிமையும் மனச்சிதைவும், பத்துப் பகுதிகளாக. பாடகர் பீட்டர் ஹேமில் கிசுகிசுப்பிலிருந்து அலறல் வரை போகிறார். பாடல் வரிகளை முன்கூட்டியே படித்துவிட்டு உட்காருங்கள்; வரிகள் தெரியாமல் கேட்டால் அந்த அலறலுக்குக் காரணம் புரியாது.

இதற்கு நேர்மாறானது பிரான்சின் மாக்மா. டிரம்ஸ் கலைஞர் கிறிஸ்டியன் வாந்தேர் கோபாயன் என்ற ஒரு மொழியையே உருவாக்கி அதில் பாட வைத்தார். 1973இல் வந்த ‘மெக்கானிக் டெஸ்ட்ருக்டிவ் கொமாண்டோ’ ஆல்பத்துக்கு வரிகளின் பொருளைத் தேட வேண்டாம். தெலுங்கு அறியாத எத்தனையோ பேர் தியாகராஜர் கீர்த்தனைகளைக் கேட்டுக் கண் கலங்கியிருக்கிறோம்; அதே காதோடு இதையும் கேட்கலாம். ஒரே தொடரைக் கோஷ்டி திரும்பத் திரும்பப் பாடி, ஒவ்வொரு முறையும் வேகத்தையும் உயரத்தையும் ஏற்றிக்கொண்டு போகும் முறை, பஜனை மடங்களில் நாமாவளி ஏறுவதை அறிந்தவர்களுக்கு உடனே பிடிபடும். உணர்வு மட்டும் வேறு: இங்கே அச்சமும் கடுமையும்தான் மேலோங்கி நிற்கின்றன.

சாஃப்ட் மெஷின் குழுவின் ‘தேர்ட்’ (1970) நான்கு பக்கங்களுக்கு நான்கு பாடல்கள் கொண்டது. அவற்றில் ராபர்ட் வயட் பாடும் ‘மூன் இன் ஜூன்’ போதும், மற்றவை ஜாஸ் பழகியவர்களுக்கு. 1973இல் விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்த வயட், அடுத்த ஆண்டு வெளியிட்ட ‘ராக் பாட்டம்’ ஆல்பத்தைத் தவறவிடாதீர்கள். சோதனை இசை இவ்வளவு மென்மையாகவும் இருக்க முடியும்.

இப்போது ஹென்றி கௌவுக்கு வரலாம். ஃப்ரெட் ஃபிரித்தும் டிம் ஹாட்ஜ்கின்சனும் 1968இல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய இந்தக் குழுவின் ‘அன்ரெஸ்ட்’ (1974) ஆல்பத்தில் முதல் பக்கம் பெரும்பாலும் எழுதி வாசிக்கப்பட்டது. இரண்டாம் பக்கத்துக்குப் போதிய இசை கையில் இல்லாததால், ஸ்டூடியோவிலேயே மனோதர்மமாக வாசித்து, ஒலிநாடாக்களை வெட்டியும் ஒட்டியும் சுழற்றியும் அதை உருவாக்கினார்கள். நான் அன்று தோற்றது இந்தப் பக்கத்தில்தான், காரணம் கையில் தாளத்தைத் தேடினேன். இங்கே கையை மடியில் வைத்துவிடுங்கள். ஆலாபனை கேட்பதுபோல என்று சொல்லத் தோன்றும், ஆனால் ஆலாபனையில் ராகம் இருக்கிறது, இதில் அதுவும் இல்லை. கவனிக்க வேண்டியது ஒலியின் தன்மையை மட்டும்: லிண்ட்சே கூப்பரின் பசூன் என்ற தாழ்ந்த ஒலியுள்ள ஊதுகருவி எப்போது கரகரக்கிறது, எப்போது குழைகிறது, யார் பேச யார் விட்டுக்கொடுக்கிறார்கள், மௌனம் எவ்வளவு நேரம் நிற்கிறது.

இக்குழு 1978 மார்ச் 12 அன்று லண்டனில் ஐந்து நாட்டுக் குழுக்களை ஒரே மேடையில் கூட்டி, பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள் கைவிட்டவர்களின் கூட்டணி ஒன்றைத் தொடங்கியது. அவற்றுள் பெல்ஜியத்தின் யூனிவர் ஜீரோ 1979இல் வெளியிட்ட ‘எரெசி’ ஆல்பத்தை இந்த வரிசையின் கடைசியில் வைக்கிறேன். பசூனும் வயலினும் ஹார்மோனியமும் சேர்ந்து ஒலிக்கும் அதன் முதல் பாடல் ‘லா ஃபோ’ ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடம். தொடக்கத்தில் நெடுநேரம் முனகலும் இழுப்புமாகவே போகும். அங்கே கை மடியில் இருக்கட்டும். பிறகு டிரம்ஸ் உள்ளே நுழையும்போது, எண்ணிக்கையைத் தேடிக் கையை மீண்டும் எடுத்துக்கொள்ளலாம்.