கொழும்பு வீட்டில் டிஸ்கஸ் வளர்ப்பவர்களுக்கு

அமேசன் ஆற்றுப் படுகையின் நிழல் படிந்த, மெதுவாக ஓடும் நீரில் வாழும் டிஸ்கஸ் மீனை 1840ஆம் ஆண்டில் யோகான் யாக்கோப் ஹெக்கல் அறிவியல் முறைப்படி விவரித்தார். தட்டுப் போல வட்டமான உடலும் ஆளைப் பார்த்து முன்வரும் இயல்பும் கொண்ட இந்த மீனுக்காகச் சேகரிப்பாளர்கள் பெரும் பணம் செலவிடுகிறார்கள். கொழும்பிலும் அந்த ஆசை கொண்டவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது, மீனைக் கடைசியாக வாங்குங்கள் என்பதுதான். தொட்டியும் தண்ணீரும் நிலைபெறுவதற்கு முன் வாங்கிய டிஸ்கஸ், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், சில வாரங்களில் கறுத்து ஒரு மூலையில் ஒதுங்கிவிடும்.

நான்கு அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட தொட்டியில் ஏறத்தாழ 255 லீற்றர் நீர் கொள்ளும். முழு வளர்ச்சியில் 15 முதல் 20 சென்ரிமீற்றர் வரை வரும் ஆறு மீன்களுக்கு இதற்குக் குறைந்த அளவு போதாது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற இடங்களில் தொடர்மாடி வீடுகளில் இருப்பவர்கள், நீரும் கண்ணாடியும் தாங்கியும் சேர்ந்து 300 கிலோவைத் தாண்டும் என்பதை மனத்தில் வைத்து, தொட்டியை அறையின் நடுவில் வைக்காமல் பாரம் தாங்கும் சுவரை ஒட்டியோ தூணுக்கு அருகிலோ வைக்க வேண்டும். தொட்டியின் அடித்தரையில் மணல் பரப்பாமல் வெறுமையாக விடுவது பார்வைக்கு அழகில்லை என்றாலும், மிச்ச உணவையும் கழிவையும் ஒரு குழாயால் உறிஞ்சி எடுப்பதற்கு அதுவே எளிது.

நீர் விடயத்தில் கொழும்பு வாசிகள் கொடுத்து வைத்தவர்கள். அம்பத்தலேயில் களனி கங்கையிலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கும் நீரும், லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களின் நீரும் மென்னீர். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தின் கிணற்று நீரைப் போல வன்னீர் அல்ல. டிஸ்கஸுக்கு வேண்டியதும் மென்னீர்தான். நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 6 முதல் 7 வரை நிலையாக இருந்தால் போதும். அதைக் குறைப்பதற்காக இரசாயனங்களை ஊற்றி ஏற்ற இறக்கத்தை உண்டாக்குவதே பெரிய தவறு. நாட்டு வாதுமை, அதாவது இங்கு கொட்டம்பா என்று வழங்கும் மரத்தின் உதிர்ந்த காய்ந்த இலைகளைக் கழுவிப் போட்டால் நீர் தேநீர் நிறம் கொள்ளும். மீனின் பதற்றமும் குறையும். குழாய்நீரில் உள்ள குளோரீனை மட்டும் மறக்கக் கூடாது. ஒரு பெரிய பீப்பாயில் நீரைப் பிடித்து, காற்றுப் பம்பியை ஓடவிட்டு ஒரு நாள் வைத்த பிறகே தொட்டிக்கு மாற்ற வேண்டும்.

வடிகட்டியை ஓடவிட்டு நான்கு முதல் ஆறு வாரங்கள் காத்திருப்பது பலருக்குப் பொறுக்க முடியாத காலம். கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதை நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்டீரியாக்கள் வடிகட்டியின் பஞ்சில் குடியேற இந்தக் காலம் வேண்டும். தினமும் சிறிது மீன் உணவு போட்டு, சோதனைத் திரவத்தால் அளந்து, அமோனியாவும் நைத்திரைற்றும் இரண்டும் பூச்சியமாகும் வரை பொறுங்கள்.

வெப்பநிலை 28 முதல் 30 பாகை செல்சியஸ் வரை இருக்க வேண்டும். கொழும்புப் பகலில் இது தானாகவே அமைந்துவிடுவதால் வெப்பமூட்டி தேவையில்லை என்று நினைக்கிறோம். ஆனால் மார்கழி, தை மாதங்களின் இரவிலும் தொடர் மழையிலும் நீர் குளிர்ந்துவிடும். 200 வாற்று வெப்பமூட்டி ஒன்றைப் பொருத்தி 28 பாகையில் விட்டுவிடுங்கள். மின்வெட்டுக்கும் முன்கூட்டியே தயாராக வேண்டும். 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாதிருந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சூடான நீரில் பிராணவாயு குறைவாகவே கரையும் என்பதால், பற்றறியில் ஓடும் காற்றுப் பம்பியும் பஞ்சு வடிகட்டியும் இருப்பது அவசியம். பெட்டி வகை வடிகட்டி பல மணித்தியாலம் நின்றிருந்தால், உள்ளே தேங்கிய கெட்ட நீரைக் கொட்டிவிட்டே மீண்டும் இயக்க வேண்டும்.

இனி மீன். கடையில் நிறத்தைப் பார்க்காதீர்கள். முதலில் கண்ணைப் பாருங்கள். உடலுக்குப் பொருத்தமில்லாத பெரிய கண் இருந்தால் அந்த மீன் வளர்ச்சி குன்றியது. பிறகு இரண்டு செவுள்களும் சமமாகத் திறந்து மூடுகின்றனவா என்று பொறுமையாகப் பாருங்கள். ஒன்று மூடியே இருந்தால் செவுளில் ஒட்டுண்ணி இருக்கலாம். கழிவு வெண்மையாக, நூல் போலத் தொங்கினால் குடல் நோய். கடைக்காரரிடம் உணவு போடச் சொல்லிக் கேளுங்கள். சாப்பிட வராத மீனை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். ஐந்து சென்ரிமீற்றர் குஞ்சு முழு நிறத்தில் மின்னினால், ஹோர்மோன் கொடுத்திருக்கலாம் என்று சந்தேகப்படுவது நியாயம். 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்திலிருந்து வந்த பிஜன் பிளட் வகையில், மற்ற வகைகள் அஞ்சும்போது காட்டும் கறுப்புப் பட்டைகள் தெரியாது. ஆகவே அதன் உடல்நலத்தை நடத்தையை வைத்தே கணிக்க வேண்டும்.

ஏழு, எட்டு சென்ரிமீற்றர் அளவில் ஆறு மீன்களை ஒரே இடத்தில், ஒரே நாளில் வாங்குவதே நல்லது. கூட்டம் சிறிதானால் வலியது ஒன்று மெலிந்ததை விரட்டி விரட்டியே பட்டினி போட்டுவிடும். நான் ஒருமுறை, நலமாக இருந்த ஐந்து மீன்களுடன் அழகான நீல மீன் ஒன்றைத் தனித்து வைக்காமல் அன்றே விட்டேன். பத்தாம் நாள் முதல் வெள்ளைக் கழிவு தொடங்கி, நான்கு மீன்களை இழந்தேன். அன்றிலிருந்து புதிதாக வரும் எதையும் ஆறு வாரம் தனித் தொட்டியில் வைக்காமல் சேர்ப்பதில்லை.

உணவுக்கு மாட்டிதயம் அரைத்துக் கொடுப்பதே உலகெங்கும் பழைய வழக்கம். நம்முடைய பல வீடுகளில் அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க ஒப்ப மாட்டார்கள், வைக்கவும் தேவையில்லை. அரைக் கிலோ இறாலைத் தோலும் குடல் நரம்பும் நீக்கி, கால் கிலோ முள்ளில்லாத வெள்ளை மீன், ஒரு கைப்பிடி ஆவியில் வாட்டிய பசளிக் கீரை, இரண்டு பல்லு உள்ளி ஆகியவற்றுடன் அரைத்து, காய்ச்சிய கடற்பாசி (அகர் அகர்) கரைசல் சற்று ஆறியதும் கலந்து, பையில் விசுக்கோத்து அளவு தடிப்பில் தட்டி உறையவைக்க வேண்டும். வேண்டும்போது ஒரு துண்டை ஒடித்துப் போடலாம். குஞ்சுகளுக்கு நாளுக்கு நான்கைந்து முறையும், வளர்ந்தவற்றுக்கு இரண்டு முறையும் கொடுங்கள். பத்து நிமிடத்தில் தின்னாததை உடனே உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். குஞ்சுத் தொட்டியில் தினமும் மூன்றிலொரு பங்கு நீரும், வளர்ந்த மீன்களின் தொட்டியில் வாரம் இரண்டு மூன்று முறையும் மாற்ற வேண்டும்.

ஓராண்டு தாண்டியதும் ஒரு சோடி மற்றவற்றை ஒதுக்கி மூலையைப் பிடிக்கும். குயவரிடம் சொல்லிச் செய்த மண் கூம்பு ஒன்றை அங்கே நிறுத்திவையுங்கள். அதில் இடும் முட்டைகள் இரண்டரை நாளில் பொரியும். அடுத்த இரண்டு மூன்று நாளில் நீந்தத் தொடங்கும் குஞ்சுகள் வெளி உணவைத் தேடாமல் பெற்றோரின் உடலில் சுரக்கும் சளியைக் கொத்தித் தின்னும். சிறிது நேரத்தில் தாய் உடலை ஒருமுறை சிலிர்த்துவிட, குஞ்சுகள் எல்லாம் மேகம் போல் கலைந்து தந்தையின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் விளக்கை அணைக்காமல், கையை நீரில் விடாமல், தள்ளி அமர்ந்து பாருங்கள்.