பன்னாட்டுச் சட்டம் படிக்கத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதிரி நீதிமன்றப் போட்டிகளுக்காகச் சட்டக்கல்லூரி மாணவர்கள் எழுதும் வாதுரைகளைப் படித்துத் திருத்தித் தரும் பணியைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். இவ்வாண்டு என் மேசைக்கு வந்த பதினான்கு வாதுரைகளில் பதினொன்றில் ஒரே வாக்கியம் இருந்தது: “இக்கோட்பாடு பன்னாட்டு வழக்காற்றுச் சட்டத்தின் ஒரு பகுதி என்பது யாவரும் அறிந்ததே.” உடன்படிக்கையில் எழுதப்படாமல், சட்டக் கடமை என்று கருதி அரசுகள் கடைப்பிடித்து வருவதால் உருவாகும் விதிகளே வழக்காற்றுச் சட்டம். வழக்குரைஞராகப் பதிவு செய்த மூன்றாம் ஆண்டில் நானும் ஏறத்தாழ அந்த வாக்கியத்தையே ஒரு மனுவில் எழுதினேன். அதற்கான விலையை நான் கொடுக்கவில்லை, என் கட்சிக்காரர் கொடுத்தார். அதைக் கீழே சொல்கிறேன்.

ஆண்டுகளை மாற்றி எழுதுவது, தீர்ப்பின் பத்தி எண்ணைத் தவறவிடுவது போன்ற கவனக்குறைவுகளை இங்கே பேசப் போவதில்லை. அவை இரண்டாம் வாசிப்பில் தாமாகவே விலகிவிடும். நன்றாகப் படித்தவர்களிடமும் ஒட்டிக்கொண்டிருக்கும் பிழைகளே எனக்குக் கவலை தருகின்றன.

1648-ஐப் பிறந்தநாளாகக் கொள்வது

“பன்னாட்டுச் சட்டம் 1648-இல் வெஸ்ட்ஃபாலியாவில் பிறந்தது” என்று வரலாற்றுப் பகுதியைத் தொடங்குவோர், முப்பதாண்டுப் போரை முடித்த அந்த உடன்படிக்கைகளைப் பெரும்பாலும் படித்ததில்லை. மூன்ஸ்டரிலும் ஓஸ்னாப்ரூக்கிலும் பேசி முடிக்கப்பட்ட அந்த ஆவணங்களின் பெரும்பகுதி புனித ரோமானியப் பேரரசின் உள்விவகாரங்களைப் பற்றியது: எந்தச் சமயப் பிரிவுக்கு என்ன உரிமை, எந்த நிலப்பகுதி யாருக்கு என்பவை. பேரரசுக்கு உட்பட்ட குறுநிலத் தலைவர்கள் வெளியாருடன் கூட்டணி அமைக்கலாம் என்று கூறும் பிரிவிலும், அக்கூட்டணி பேரரசருக்கும் பேரரசுக்கும் எதிராக இருக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு. இறைமையுடைய அரசுகள் யாவும் சமம் என்ற கொள்கையைப் பிற்காலத்தவர் அவற்றுக்குள் ஏற்றி வாசித்தனர்.

கி.மு. 1259-ஐ ஒட்டி எகிப்தின் இரண்டாம் ராம்சேஸும் ஹிட்டைட் மன்னர் மூன்றாம் ஹத்துசிலியும் செய்துகொண்ட உடன்படிக்கையிலேயே, படையுதவி பற்றியும் தப்பியோடியவர்களைத் திருப்பி ஒப்படைப்பது பற்றியும் விதிகள் இருந்தன. அதன் படி ஒன்று நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையின் தலைமையகத்தில் வைக்கப்பட்டுள்ளது. கடல் எல்லோருக்கும் பொது என்று ஹியூகோ குரோஷியஸ் 1609-இல் வெளியிட்ட வாதத்தின் ஊற்றும் ஐரோப்பிய நிலத்தில் இல்லை. 1603-இல் சிங்கப்பூர் நீரிணையருகே போர்த்துகீசியரின் சாந்தா கத்தரீனா கப்பலை டச்சுக்காரர்கள் கைப்பற்றியதை நியாயப்படுத்த, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக எழுதிய நூலின் ஓர் அத்தியாயமே அது. கிழக்கிந்திய நாடுகளின் அரசர்கள் தமக்கென அரசும் சட்டமும் உடையவர்கள், ஆகவே அந்நிலங்கள் போர்த்துகீசியருடையவை ஆகா என்பது அவர் வாதத்தின் தூண்களில் ஒன்று.

1648-இலிருந்து தொடங்கினால், ஆசியா இச்சட்டத்தை ஐரோப்பாவிடமிருந்து மிகவும் காலந்தாழ்ந்து பெற்றது என்ற கதை கேள்வியின்றி உள்ளே வந்துவிடுகிறது. 1950-களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டுச் சட்டம் கற்பித்த சார்லஸ் அலெக்சாண்ட்ரோவிச் இக்கதையைத்தான் மறுத்தார். 16-ஆம் நூற்றாண்டு முதல் 18-ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பியர் ஆசிய அரசர்களோடு சமநிலையில் உடன்படிக்கை செய்தனர் என்றும், 19-ஆம் நூற்றாண்டில்தான் ‘நாகரிகமடைந்த நாடுகள்’ என்ற வேலியைப் போட்டு மற்றவர்களை வெளியே நிறுத்தினர் என்றும் அவர் ஆவணங்களைக் கொண்டு காட்டினார். அந்தச் சொல் இன்னும் அழியவில்லை. பன்னாட்டு நீதிமன்றச் சட்டவிதிகளின் 38-ஆம் பிரிவில் இன்றும் அச்சாகி வருகிறது. சென்னையிலேயே எழுந்த இந்த ஆய்வைச் சென்னை மாணவர்கள் கேள்விப்படாமல் பட்டம் பெற்றுச் செல்வது எனக்கு வருத்தமளிக்கிறது.

வழக்கத்தையும் வழக்காற்றுச் சட்டத்தையும் ஒன்றாகக் கருதுவது

என்னை இன்றளவும் எரிச்சலூட்டும் தவறு இதுவே.

வெளிநாட்டவர் ஒருவர் நாடுகடத்தலுக்காகக் காவலில் வைக்கப்பட்டிருந்தார். சொந்த நாட்டில் தம் உயிருக்கு ஆபத்து என்று அவர் அஞ்சினார். அவருக்கான மனுவில், உயிருக்கு ஆபத்துள்ள நாட்டுக்கு எவரையும் திருப்பி அனுப்பலாகாது என்ற விதியின் மேல் முழுப் பாரத்தையும் ஏற்றி வைத்தேன். 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லையே என்று நீதிபதி கேட்டபோது, அக்கேள்விக்கு ஆயத்தமாகவே இருந்தேன்: “அது வழக்காற்றுச் சட்டமாகிவிட்டது, எனவே சேராத நாட்டையும் கட்டுப்படுத்தும்” என்றேன். “எதை வைத்துச் சொல்கிறீர்கள்?” என்றார். உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளின் பட்டியலை நீட்டினேன். “சேர்ந்தவர்கள் கடைப்பிடிப்பது உடன்படிக்கைக்குக் கட்டுப்பட்டு. சேராதவர்கள் சட்டக் கடமை என்று எண்ணிக் கடைப்பிடித்ததற்குச் சான்று எங்கே?” என்று அவர் கேட்டபோது என்னிடம் ஒரு தாள்கூட இல்லை. இரண்டு வார அவகாசம் கேட்டுப் பெற்றேன். மனுவின் அடிப்படையை உயிர் வாழும் உரிமையைக் காக்கும் அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுக்கு மாற்றி எழுதிய பிறகே இடைக்கால நிவாரணம் கிடைத்தது. அந்த இரண்டு வாரங்களையும் என் கட்சிக்காரர் காவலில் கழித்தார்.

நீதிபதி அன்று கேட்டது புதிய கேள்வி அன்று. வடகடல் கண்டத்திட்டு வழக்கில் பன்னாட்டு நீதிமன்றம் 1969-இல் அதையே கேட்டது. 1958-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை கூறும் சமதொலைவு விதி (கடலடி எல்லையை இரு நாட்டுக் கரைகளிலிருந்தும் சமதொலைவில் வரைவது) வழக்காறாகிவிட்டது, எனவே கையொப்பமிட்டும் ஏற்புறுதி (உடன்படிக்கைக்குக் கட்டுப்படுவதாக இறுதியாக உறுதி கூறுவது) செய்யாத மேற்கு ஜெர்மனியையும் அது கட்டுப்படுத்தும் என்று டென்மார்க்கும் நெதர்லாந்தும் வாதிட்டன. எடுத்துக்காட்டாகக் காட்டப்பட்ட பதினைந்து அளவிலான எல்லை வரையறைகளில் தொடர்புடைய நாடுகளில் பாதிக்கு மேற்பட்டவை ஏற்கெனவே அந்த உடன்படிக்கையில் சேர்ந்தவை அல்லது விரைவில் சேர்ந்தவை. ஆகவே அவற்றை வழக்காற்றுக்குச் சான்றாகக் கொள்ள இயலாது என்று நீதிமன்றம் 11-க்கு 6 என்ற கணக்கில் மறுத்தது. அரசுகளுக்கிடையே வரவேற்பு மரபுகள் போன்ற எத்தனையோ செயல்கள் அநேகமாகத் தவறாமல் நடக்கின்றன, ஆயினும் அவை மரியாதையாலோ வசதியாலோ பழக்கத்தாலோ நடப்பவை, சட்டக் கடமை என்ற உணர்வால் நடப்பவை அல்ல என்றும் அது கூறியது. அந்த உணர்வையே சட்டத்துறையினர் ‘ஒப்பீனியோ யூரிஸ்’ என்ற லத்தீன் தொடரால் குறிக்கின்றனர்.

இதை மாணவர்களுக்கு விளக்க நான் நம்மூர் நிலப்பத்திரங்களை எடுத்துக்கொள்வதுண்டு. ‘மாமூல் தடத்தில் ஆள் நடக்கவும் வண்டி மாடு ஓட்டவும் உள்ள பாத்தியம்’ என்று எழுதுவோம். பக்கத்து வயல் வழியே முப்பது ஆண்டுகள் நடந்திருந்தாலும், ஒவ்வொரு முறையும் நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு நடந்திருந்தால் அங்கே பாத்தியம் பிறப்பதில்லை. கேளாமல், நமக்குரிய தடம் என்று நடந்திருந்தால்தான் பிறக்கும். நடந்த கால்கள் இரண்டிலும் ஒன்றே.

இந்தியாவும் போர்த்துகலும் எதிரெதிர் நின்ற வழக்கு இதே கேள்வியில்தான் தீர்ந்தது. அன்று போர்த்துகலின் ஆட்சியில் இருந்த டாமனிலிருந்து தாத்ரா, நகர் ஹவேலி பகுதிகளுக்குச் செல்லும் வழியை 1954-இல் இந்தியா மறித்தபோது, போர்த்துகல் பன்னாட்டு நீதிமன்றம் சென்றது. 1960-இல் வந்த தீர்ப்பு போக்குவரத்தை இரண்டாகப் பிரித்தது. தனியாட்களும் அரசு அலுவலர்களும் பொதுச் சரக்குகளும் நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தடையின்றிச் சென்று வந்ததால், அவற்றைப் பொறுத்தவரை இரு நாடுகளுக்கிடையே உரிமை உண்டாகியிருந்தது. படையினரும் ஆயுதக் காவலரும் ஆயுதங்களும் முன் அனுமதி பெற்றே சென்றிருந்தமையால், அவற்றுக்கு எவ்வுரிமையும் இல்லை. ஒரே நிலம், ஒரே பாதை, ஒரே காலம். அனுமதி கேட்ட வழக்கம் சட்டமாகவில்லை.

அகதிகள் பற்றிய கேள்விக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் என் மனுவின் பலவீனம் புரியும். 1983 முதல் இலங்கைத் தமிழர்களுக்குத் தமிழ்நாட்டில் இடமளிக்கப்பட்டது பெரிய நடைமுறைதான். ஆனால் அது மனிதாபிமானத்தாலும் அரசின் கொள்கையாலும் செய்யப்படுவது என்று நிலைப்பாடு எடுக்கப்படும் வரை, அந்நடைமுறையை மட்டும் காட்டிச் சட்டக் கடமையை நிறுவ முடியாது. திருப்பி அனுப்பாமை வழக்காற்றுச் சட்டமே என்று ஐ.நா. அகதிகள் ஆணையமும் அறிஞர் பலரும் கூறுகின்றனர். நானும் அவ்வாறே கருதுகிறேன். கருதுவதை மெய்ப்பிக்க வேண்டும் என்பதே வழக்குரைஞரின் வேலை. வெளியுறவுத் துறை அறிக்கைகள், நாடாளுமன்ற விடைகள், பன்னாட்டு மேடைகளில் அரசு ஆற்றிய உரைகள், உள்நாட்டுச் சட்டங்கள், தீர்ப்புகள் ஆகியவற்றில் எதை எப்படி எடுத்துக்கொள்வது என்று பன்னாட்டுச் சட்ட ஆணையம் 2018-இல் 16 முடிவுரைகளாகத் தொகுத்துத் தந்திருக்கிறது. எனக்கு அந்நாளில் அந்த வசதி இல்லை. இன்றைய மாணவருக்கு உண்டு.

இதன் கிளையாக இன்னொரு தவறும் வருகிறது. பாலாற்றுப் படுகையைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகள் பற்றிய வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில், கேடு முழுமையாக நிரூபிக்கப்படும் முன்பே தடுக்க வேண்டும் என்னும் முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் மாசுபடுத்தியவரே ஈடு செய்யும் கோட்பாடும் வழக்காற்றுச் சட்டத்தின் வழியாக நம் நாட்டுச் சட்டத்தில் இடம் பெறுகின்றன என்ற அடிப்படையில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. பாலாற்று மக்களுக்கு அத்தீர்ப்பு பெரும் துணை. ஆயினும் அதை மட்டும் காட்டி, முன்னெச்சரிக்கைக் கோட்பாடு உலகம் முழுவதற்கும் வழக்காறு என்று எழுதலாகாது. ஒரு நாட்டின் நீதிமன்றம் சொன்னது அந்நாட்டின் நடைமுறைக்குச் சான்று. 2011-இல் கடல்சட்டத் தீர்ப்பாயத்தின் கடற்படுகைப் பிரிவுகூட, அது வழக்காறாகும் போக்கு தொடங்கியிருக்கிறது என்ற அளவிலேயே நிறுத்திக்கொண்டது.

பொதுச்சபைத் தீர்மானத்தைச் சட்டமாகப் படிப்பது

ஐ.நா. பொதுச்சபையின் தீர்மானம் பொதுவாகப் பரிந்துரையே. ஆனால் ‘வெறும் பரிந்துரை’ என்று ஒதுக்குவதும் பிழை. குடியேற்ற ஆட்சியிலுள்ள மக்களுக்கு விடுதலை கோரும் 1514-ஆம் தீர்மானம் 1960-இல் 89 வாக்குகளுடன், எதிர்ப்பு ஒன்றுமில்லாமல், 9 நாடுகள் விலகி நிற்க நிறைவேறியது. பிரிட்டன் மொரீஷியஸிலிருந்து பிரித்தெடுத்த சாகோஸ் தீவுகள் பற்றிய 2019-ஆம் ஆண்டுக் கருத்துரையில் (ஐ.நா. அமைப்பு கேட்டதற்கு நீதிமன்றம் தரும், கட்டுப்படுத்தாத ஆலோசனையில்) பன்னாட்டு நீதிமன்றம், சுயநிர்ணய உரிமை வழக்காறாக உருப்பெற்றதில் அத்தீர்மானத்தை ஒரு முக்கியக் கட்டமாகக் கண்டது. சொற்கள், வாக்குகள், பின்வந்த நடைமுறை ஆகிய மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கையொப்பத்தை ஏற்புறுதியாக எண்ணுவது

சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையொப்பமிட்டது, ஏற்புறுதி செய்யவில்லை.

கருத்துரையைத் தீர்ப்பு என்று எழுதுவது

எழுதாதீர்கள்.

பழைய தீர்ப்பின் பிற்கால வரலாற்றைப் பாராமல் விடுவது

1926-இல் லோட்டஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல் மோதித் துருக்கியர் எண்மர் இறந்தனர். பிரெஞ்சு அதிகாரியைத் துருக்கி விசாரிக்கலாம் என்று, இன்றைய பன்னாட்டு நீதிமன்றத்தின் முன்னோடியான நிரந்தரப் பன்னாட்டு நீதிமன்றம் 1927-இல், வாக்குகள் சமமாகப் பிரிந்த நிலையில், தலைவரின் தீர்மான வாக்கால் முடிவு செய்தது. தடையில்லாத இடத்தில் அரசுக்குச் சுதந்திரம் உண்டு என்ற அதன் பொதுக் கருத்தை மாணவர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். கப்பல் மோதல்களைப் பொறுத்தவரை அதன் முடிவை 1958-ஆம் ஆண்டின் பெருங்கடல் உடன்படிக்கையும் பிறகு கடல்சட்ட உடன்படிக்கையின் 97-ஆம் பிரிவும் மாற்றிவிட்டதைச் சொல்வதில்லை. 2012-இல் கேரளக் கரைக்கப்பால் இத்தாலியக் கடற்படையினர் சுட்டதில் மீனவர் இருவர் இறந்தபோது இத்தாலி அந்த 97-ஆம் பிரிவையே நாடியது. துப்பாக்கிச் சூடு கப்பல் மோதலோ கப்பலோட்ட நிகழ்வோ ஆகாது என்று நடுவர் தீர்ப்பாயம் 2020-இல் அதை ஏற்க மறுத்தது. அப்படியும், அவர்கள் அரசுப் பணியில் இருந்தவர்கள் என்ற விலக்குரிமையால் இந்தியாவில் விசாரணை நடக்க இயலாமல் போனது, இழப்பீடு மட்டுமே கிடைத்தது. இந்தச் சங்கிலி முழுவதையும் தொடராமல் லோட்டஸை மட்டும் காட்டுபவர், எதிர்த்தரப்பின் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுவார்.

அதிகார வரம்பைக் கடைசியில் பார்ப்பது

“கச்சத்தீவு பற்றிப் பன்னாட்டு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தால் போதும்” என்ற வாக்கியத்தை மேடைகளில் கேட்டிருக்கிறேன். இப்போது வாதுரைகளிலும் பார்க்கிறேன். 1974, 1976 ஒப்பந்தங்களின் பொருள் பற்றிய விவாதத்துக்குள் போகும் முன் ஒரு கதவு இருக்கிறது. அரசுகள் ஒப்புக்கொள்ளாமல் அந்த நீதிமன்றம் எந்த வழக்கையும் விசாரிக்காது. இந்தியா 1974-இலும் 2019-இலும் தந்த ஏற்பு அறிவிப்புகள், காமன்வெல்த் உறுப்பு நாடுகளுடனான தகராறுகளை விலக்கியே வைத்திருக்கின்றன. இலங்கை அவற்றுள் ஒன்று. 1999-இல் இந்தியா சுட்டு வீழ்த்திய தன் விமானம் பற்றிப் பாகிஸ்தான் தொடுத்த வழக்கு, 2000-இல் இந்த விலக்கினாலேயே 14-க்கு 2 என்ற கணக்கில் வாசலில் நின்றது. உளவாளி என்று பாகிஸ்தான் மரண தண்டனை விதித்த இந்தியரான குல்பூஷண் ஜாதவின் வழக்கில் இந்தியா உள்ளே நுழைய முடிந்ததற்குக் காரணம், இரு நாடுகளும் சேர்ந்திருந்த துணைத் தூதரக உறவுகள் பற்றிய வியன்னா உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறை (அந்த உடன்படிக்கை பற்றிய தகராறுகளைப் பன்னாட்டு நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்ல வழி தரும் துணை ஆவணம்). அந்த வாசல் வழியாக வந்ததால், 2019-ஆம் ஆண்டின் தீர்ப்பும் அந்த உடன்படிக்கை தரும் தூதரகத் தொடர்பு உரிமையோடு நின்றது. பிற பன்னாட்டு விதிகளை அடிப்படையாகக் கொண்டு இந்தியா எழுப்பிய கோரிக்கைகள் தன் அதிகார வரம்புக்கு வெளியே இருப்பதாக நீதிமன்றம் கூறிவிட்டது.