சன் கோரலுக்கு லைட் வேண்டாம், வாய் வாயா ஊட்டணும்

ரீஃப் டேங்க்ல, அதாவது பவளம் வளர்க்கிற உப்புத்தண்ணி தொட்டில, நாம வைக்கிற பவளங்கள்ல நிறைய வகைக்கு உடம்புக்குள்ளயே ஒரு நுண்பாசி குடியிருக்கும், அது வெளிச்சத்த வச்சு சாப்பாடு தயார் பண்ணி பவளத்துக்கும் குடுத்துடும், அதனால நல்ல லைட் போட்டு தண்ணிய ஒழுங்கா வச்சாலே பாதி வேலை முடிஞ்சுது. சன் கோரல்ங்கிற பவளத்துல (அறிவியல் பேர் டியூபாஸ்ட்ரேயா) அந்தப் பாசியே கிடையாது. எவ்ளோ காஸ்ட்லியான லைட் போட்டாலும் அதுக்கு அதுல ஒண்ணும் கிடைக்காது. ஆனா "லைட்டே வேண்டாம், ஈசி கோரல்"னு சொல்லி விக்கிறவங்க இருக்காங்க, வாங்கிட்டு வந்து ஒரு இருட்டு மூலைல வச்சுட்டு மறந்துடறாங்க, அது உடனே சாகாது, மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா மெலிஞ்சு போகும், அதான் ரொம்ப கொடுமை.

உண்மையில இது நோஞ்சான் பவளம் இல்ல. இந்த இனத்துல டியூபாஸ்ட்ரேயா காக்சினியான்னு ஒண்ணு இந்தோ-பசிபிக் கடல்லேர்ந்து கரீபியனுக்குப் போய் 1943லயே அங்க பதிவாகியிருக்கு, இப்போ மெக்சிகோ வளைகுடால எண்ணெய் எடுக்குற மேடைங்க, பிரேசில் கரைன்னு பரவி அங்க ஏற்கனவே இருந்த உயிர்களோட இடத்தையெல்லாம் பிடிச்சுட்டு இருக்கு. அவ்ளோ முரட்டு ஜாதி நம்ம டேங்க்ல சாகுதுன்னா காரணம் பெரும்பாலும் பசிதான். கடல்ல நீரோட்டம் ராத்திரி பூரா மிதவை உயிர்கள கொண்டு வந்து வாய்லயே போடும், டேங்க்ல அந்த வேலைய நாமதான் செய்யணும்.

ஒரு பவளத்துல வாயோட இருக்குற ஒவ்வொரு குட்டி உயிரும் ஒரு பாலிப், வாங்கும்போதே பாலிப்புக்கும் பாலிப்புக்கும் நடுவுல இருக்குற சதைய பாருங்க. ஆரஞ்சு கலர்ல கொழுகொழுன்னு முழுசா மூடியிருந்தா நல்ல பீஸ், வெள்ளையா எலும்பு தெரிஞ்சா ரொம்ப நாளா பட்டினி. பாலிப் எல்லாம் உள்ள சுருங்கி மூடிக்கிட்டு இருக்கேன்னு மட்டும் ஒதுக்காதீங்க, பகல்ல மூடிக்கிறது அதோட சுபாவம். டேங்க்ல விடுறதுக்கு முன்னாடி அடிப்பக்கத்த நல்லா தேடிப் பாருங்க, வென்டில்டிராப்னு ஒரு குட்டி நத்தை இந்தப் பவளத்தையே தின்னு வாழும், மஞ்சளா அதே கலர்ல இருக்கும், முட்டையும் மஞ்சள்தான், ஈசியா கண்ணுக்குத் தெரியாது. இருந்தா இடுக்கியால ஒண்ணு விடாம எடுத்துடுங்க.

வைக்கிற இடம் பாறை நிழல்ல, நீரோட்டம் நல்லா இருக்குற மாதிரி, முக்கியமா உங்க கை சுலபமா எட்டுற இடமா இருக்கணும். அழகுக்காக குகைக்குள்ள ஆழமா சொருகிட்டா அப்புறம் ஊட்ட முடியாது. வெளிச்சம் பட்டா செத்துடாது, ஆனா சதை விலகின இடத்துல பாசி ஏறிடும், அதுக்காகத்தான் நிழல்.

இப்போ சாப்பாட்டுக்கு வரேன், முழு விஷயமும் இதுலதான் இருக்கு. ஃப்ரோசன் மைசிஸ், அதாவது உறைய வச்ச குட்டி இறால் மாதிரி தீனிதான் என் முதல் சாய்ஸ், பொடியா நறுக்கின இறாலும் ஓகே. டேங்க் தண்ணி கொஞ்சம் எடுத்து அதுல மைசிஸ கரைய விடுங்க. லைட் அணைஞ்சதும் ரிட்டர்ன் பம்ப், வேவ்மேக்கர்னு தண்ணிய ஓட வைக்கிறது எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு, அந்த சாறு கொஞ்சம் மட்டும் பவளத்து மேல விடுங்க. வாசனை பட்டு பத்து இருபது நிமிஷத்துல டென்டக்கிள், அதாவது வாயச் சுத்தி இருக்குற உணர்கொம்புங்க, எட்டிப் பாக்கும். அப்போ ஒரு பைப்பெட்டால (உறிஞ்சி விடுற நீளக் குழாய்) ஒவ்வொரு வாய்க்கும் ஒண்ணு ரெண்டு மைசிஸ் வைங்க. பக்கத்து பாலிப் சாப்பிட்டா இதுக்கும் போயிடும்னு நம்பி பாதில நிறுத்தக்கூடாது, விட்டுப்போன வாய் இருக்குற பக்கம்தான் முதல்ல சதை வத்த ஆரம்பிக்கும். பெரிய துண்டா குடுத்தா அப்புறம் துப்பிடும், அதனால சின்னதாவே குடுங்க. முழுங்குற வரைக்கும் பத்து பதினஞ்சு நிமிஷம் பம்ப் போடாதீங்க, ஆனா அப்புறம் மறக்காம போட்டுடுங்க.

ரொம்ப நாள் பட்டினி கிடந்த பீஸ் முதல்ல திறக்கவே திறக்காது. பயப்படாதீங்க, தினமும் அதே நேரத்துல அந்த சாற மட்டும் விட்டுட்டே இருங்க, ஒண்ணு ரெண்டு பாலிப் லேசா விரிஞ்சா அதுக்கு மட்டும் ஊட்டுங்க. பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வாரத்துல அந்த நேரத்துக்கு அதுவே காத்திருக்க ஆரம்பிச்சுடும், குழந்தைக்கு நேரத்துக்குப் பசிக்கிற மாதிரிதான். பழகினதுக்கு அப்புறம் நேரத்த கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி தள்ளிட்டு வந்தா லைட் இருக்கும்போதே விரிஞ்சு நிக்கும், அந்த மஞ்சள் டென்டக்கிள் எல்லாம் ஒண்ணா விரியுற அழகுக்கு என்ன வேணா செய்யலாம். நல்லா தேறின பிறகு வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை போதும்.

அடுத்த தலைவலி திருட்டு. பெப்பர்மின்ட் ஷ்ரிம்ப், ஹெர்மிட் நண்டு, மீன் எல்லாம் வாய்க்குள்ளேர்ந்தே பிடுங்கிட்டுப் போகும், பாலிப்பும் கிழியும். ஒரு பிளாஸ்டிக் பாட்டில பாதியா வெட்டி மேல்பாதிய, மூடி இல்லாம, பவளத்து மேல கவுத்து வச்சு, கழுத்து வழியா பைப்பெட்ட விட்டு ஊட்டினீங்கன்னா ஒருத்தனும் கிட்ட வர முடியாது. வெட்டின விளிம்பு சதைல படாம பாத்துக்கோங்க. மீன்களுக்கு முதல்லயே டேங்க்கோட மறுபக்கம் தீனி போட்டுட்டாலும் கொஞ்சம் அடங்கும்.

இவ்ளோ ஊட்டுனா தண்ணி கெடத்தானே செய்யும். தண்ணில இருக்குற கழிவ நுரையா பிரிச்செடுக்குற ஸ்கிம்மர் கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும், மிச்சம் விழுந்தத பைப்பெட்டாலயே உறிஞ்சி எடுத்துடுங்க, வாராவாரம் பத்து சதவீதம் தண்ணி மாத்துங்க. நைட்ரேட் 20 பிபிஎம்-க்குள்ள இருந்தா நான் கவலைப்பட மாட்டேன், அதைக் குறைக்கணும்னு சாப்பாட்ட குறைக்கிறதுதான் பெரிய தப்பு. எலும்புக்கூடு கட்டுற பவளம்ங்கிறதால ஆல்கலினிட்டி (தண்ணியோட காரத்தன்மை) 8-9 டிகேஎச், கால்சியம் 400-450 பிபிஎம், உப்பு ஒப்படர்த்தி கணக்குல 1.025, வெப்பம் 24-26 டிகிரின்னு ஆடாம வச்சுக்கோங்க.

சரியா போகுதான்னு தெரிய, திறக்குறத மட்டும் பாக்காதீங்க, பட்டினி கிடக்குறதும் சில சமயம் திறக்கும். நடுவுல இருக்குற சதை உப்பலா இருக்கா, விலகின எலும்பு மேல திரும்ப ஏறி மூடுதா, ஓரத்துல புதுசா சின்ன பாலிப் முளைக்குதான்னு மாசத்துக்கு ஒரு தடவை ஃபோட்டோ எடுத்து ஒப்பிடுங்க. நல்லா சாப்பிடுற பவளம் குஞ்சும் பொரிக்கும், பக்கத்துப் பாறைலயோ தண்ணி வழிஞ்சு இறங்குற ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள்ளயோ குண்டூசித் தலை அளவுல ஆரஞ்சுப் புள்ளி தெரிஞ்சா சுரண்டிடாதீங்க, அதுக்கும் ஒரு வாய் இருக்கு, அதுக்குத் தகுந்த மாதிரி மைசிஸ இன்னும் பொடியா நறுக்கிக்கோங்க.