நாற்பது வயதில் சமையல் படிக்க மெல்போர்ன் வருகிறீர்களா?

ஒரு மாத விடுமுறையில் ராயபுரம் வந்திருக்கிறேன். வந்த மறுநாளே பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு தம்பி தேடி வந்தார். வயது 41, பதினாறு வருடமாக அச்சக வேலை. "அக்கா, எனக்குச் சமையல்தான் வரும்னு இப்பதான் புரியுது. உங்களை மாதிரி வெளிநாடு போய்ப் படிக்கலாமா? வயசு ஒத்துக்குமா?" என்று கேட்டார். இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அங்கே வந்து இறங்கி முதல் மாதத்தில் தவித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இது உதவும்.

நான் தம்புச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் 17 வருடம் பில் ஆஃப் என்ட்ரி, அதாவது கப்பலில் வரும் சரக்குக்கான சுங்கக் காகிதம், போட்டவள். 2022 தொடக்கத்தில், 39 வயதில், வேலையை விட்டுவிட்டு மெல்போர்னில் கமர்ஷியல் குக்கரி சேர்ந்தேன். இப்போது அங்கே ஒரு ஹோட்டல் கிச்சனில் வேலை பார்க்கிறேன்.

முதலில் வயதுக் கணக்கு

மாணவர் விசாவுக்கு மேல் வயது வரம்பு கிடையாது, 50 வயதிலும் படிக்கலாம். சிக்கல் படிப்பு முடிந்த பிறகுதான். படித்து முடித்தவர்கள் அங்கேயே தங்கி வேலை பார்க்க 485 என்று ஒரு விசா உண்டு. நான் விண்ணப்பித்தபோது அதற்கு வயது வரம்பு 50. 2024 ஜூலை 1 முதல் பெரும்பாலானவர்களுக்கு அதை 35 ஆக்கிவிட்டார்கள். நான் போன பாதை உங்களுக்கு இல்லை. "அக்கா போனாங்க, நாமும் போகலாம்" என்று தயவுசெய்து கிளம்பாதீர்கள்.

35-ஐத் தாண்டியவர்களுக்கு நிறுவனம் ஸ்பான்சர் செய்யும் வேலை விசாதான் முக்கியமான வழி. அதற்கு முழுநேர வேலை அனுபவம் கேட்பார்கள். நிரந்தரமாக வசிக்க உரிமை (பி.ஆர்.) தரும் திறன் விசாக்களில் பெரும்பாலானவற்றுக்கு 45 வயதுக்குள் இருக்க வேண்டும். 42 வயதில் இரண்டு வருடப் படிப்புக்குப் போகிறவர் இதைக் காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் பணம் கட்டட்டும். படித்துவிட்டுத் திரும்பி வந்து பெரம்பூரில் கடை போடுவேன் என்றாலும் அது நல்ல திட்டம்தான். ஆனால் எதற்காகப் போகிறோம் என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

"பி.ஆர். நிச்சயம்" என்று சொல்லும் அலுவலகத்தை விட்டு உடனே எழுந்து வந்துவிடுங்கள். விசா ஆலோசனை சொல்பவரிடம் மார்ன் எண் கேளுங்கள். பதிவு செய்த ஏஜெண்டுக்குத்தான் அந்த எண் இருக்கும். 2024 முதல் மாணவர் விசாவுக்குப் பொதுவாக ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் 6.0 வேண்டும். வாழ்க்கைச் செலவுக்கு மட்டும் ஒரு வருடத்துக்கு 29,710 ஆஸ்திரேலிய டாலர் காட்ட வேண்டும், கல்விக் கட்டணம் தனி. விசாக் கட்டணம் 2025 ஜூலையிலிருந்து 2,000 டாலர். இந்தத் தொகைகள் அடிக்கடி மாறுகின்றன. கட்டுவதற்கு முன் அரசின் இணையப் பக்கத்தில் நீங்களே பாருங்கள்.

விண்ணப்பத்தில், ஏன் இந்தப் படிப்பு என்பதுபோலச் சில கேள்விகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 150 சொல்லுக்குள் பதில் எழுத வேண்டும். நம் வயதில் இதுதான் கனமான பகுதி. யாரோ எழுதிய நகலை ஒட்டாமல், பழைய வேலையிலிருந்து இதற்கு எப்படி வந்தீர்கள் என்று உள்ளதை எழுதுங்கள். கப்பல் வருவதற்கு முன்பே காகிதமெல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்ற பழக்கத்தைப் பற்றி நான் எழுதினேன். கிச்சனில் அதற்கு மீஸ் ஆன் பிளாஸ் என்று பெயர்: ஆர்டர் வருமுன் ஒவ்வொரு பொருளும் நறுக்கி, அளந்து, அதனதன் இடத்தில் இருக்க வேண்டும்.

கை மறக்க வேண்டியவை

இருபது வருடம் வீட்டில் சமைத்தவர்கள் நாம். முதல் வாரமே அந்தப் பெருமை உடையும், உடையட்டும். அருவாமனையில் கத்தி நிற்கும், காய் நகரும். அங்கே காய் நிற்கும், கத்தி நகரும். இது சின்ன விஷயமில்லை. என் வலது கைக்கு அது புரிய ஆறு வாரம் ஆனது. கத்தியின் பிடியை மட்டும் பற்றினால் ஆட்டம் கொடுக்கும். கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் அலகின் அடியைக் கிள்ளிப் பிடிக்க வேண்டும். இடது கை விரல் நுனிகளை உள்ளே மடக்கி, முட்டியைக் கத்திக்கு வழிகாட்டியாக வைக்க வேண்டும். கிளம்புவதற்கு முன்பே 20 செ.மீ. கத்தி ஒன்று வாங்கி, தினமும் ஒரு கிலோ வெங்காயமும் கேரட்டும் நறுக்கிப் பழகுங்கள். புரூன்வாஸ் என்ற பொடி நறுக்கலில் ஒவ்வொரு துண்டும் 3 மில்லிமீட்டர் கனசதுரம். கண் அளவு போதாது, ஸ்கேல் வைத்துப் பார்ப்பார்கள்.

மீன் வகுப்பை மறக்க மாட்டேன். பாரமுண்டி என்று சொல்லி மேசையில் வைத்தார்கள். பார்த்தால் நம்ம கொடுவா! எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் கிடைக்கும் அதே மீன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் வெட்டத் தெரியவில்லை. காசிமேட்டில் அக்காமார்கள் முள்ளோடு சேர்த்துத் துண்டு போடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அங்கே செவுளுக்குப் பின்னால் முதுகெலும்பு வரை ஒரு வெட்டு, அப்புறம் கத்தியைப் படுக்க வைத்து, முள்ளை ஒட்டியே தலையிலிருந்து வால்வரை இழுக்க வேண்டும். கத்தி சரியாகப் போனால் முள் மேல் டிக் டிக் என்று சத்தம் வரும். சத்தம் நின்றால் சதைக்குள் போய்விட்டது என்று அர்த்தம். முதல் மீனில் பாதிச் சதையை முள்ளிலேயே விட்டேன்.

அடுத்தது ருசி பார்ப்பது. குழம்பை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்போமே, அதை அங்கே செய்யவே கூடாது. ஒவ்வொரு முறையும் புது ஸ்பூன். சூடு விஷயத்திலும் கண்டிப்பு அதிகம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் இருக்கும் உணவை ஆபத்து எல்லையில் இருப்பதாகச் சொல்வார்கள். அதில் இரண்டு மணி நேரத்துக்குள் இருந்தால் ஃபிரிட்ஜில் வைக்கலாம், நான்கு மணி நேரத்துக்குள் என்றால் உடனே பரிமாறிவிட வேண்டும், நான்கைத் தாண்டினால் குப்பைத்தொட்டிதான். சமைத்ததை ஆறவைக்கவும் கணக்கு உண்டு: 60-லிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரம், 21-லிருந்து 5-க்கு இன்னும் நான்கு. முந்தின நாள் மீன் குழம்பின் ருசி எனக்கும் தெரியும். அது வீட்டுக்கு. அங்கே நம் கையால் சாப்பிடுபவர் யாரென்றே நமக்குத் தெரியாது.

சுட்டுக்கொண்டால் இட்லி மாவு, பற்பசை எதையும் தடவாதீர்கள். ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் கையைப் பிடியுங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. வளையல், மோதிரம், பூ எதற்கும் கிச்சனில் இடமில்லை. தாலிச் சங்கிலியை நான் பின் குத்திச் சட்டைக்குள் வைத்துக்கொள்வேன். முதல் நாளே செஃபிடம் சொல்லிவிட்டால் சங்கடம் இல்லை. வகுப்பில் உங்களோடு படிப்பவர்களுக்கு 19, 20 வயது இருக்கும். கத்துகிற செஃபுக்கு 28 இருக்கலாம். "யெஸ் செஃப்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். ஆள் பின்னால் போகும்போது "பிஹைண்ட்" என்று குரல் கொடுக்க வெட்கப்படாதீர்கள். கொதிக்கிற சட்டியோடு ஒருவர் திரும்புவார்.

இறங்கியதும்

விமானத்தில் தரும் அட்டையில், சாப்பாட்டுப் பொருள் எதுவாக இருந்தாலும் "ஆம்" என்று குறியுங்கள். அம்மா கட்டிக்கொடுத்த நெத்திலிக் கருவாட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு எனக்கே திருப்பித் தந்தார்கள். பச்சைக் கறிவேப்பிலையை எடுத்துக்கொண்டார்கள். மறைத்து மாட்டினால் அபராதம்.

வீடு பார்க்கும்போது வாடகையை மட்டும் பார்க்காதீர்கள். கிச்சன் வேலை முடிய இரவு 11 ஆகும். ரயில் நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் அறை எடுங்கள். வெள்ளி, சனி இரவுகளில் விடிய விடிய ரயில் உண்டு, மற்ற நாட்களில் நள்ளிரவோடு சரி. டாண்டினாங் பக்கம் தமிழ்க் கடைகள் அதிகம், மாசிக் கருவாடு வரை கிடைக்கும். வாடகை முன்பணத்தை வீட்டுக்காரர் தன் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது, மாநில அரசின் பாண்ட் ஆணையத்தில் கட்ட வேண்டும். ரசீது வாங்குங்கள்.

வரி எண் இலவசம், யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். படிப்பு நடக்கும்போது 14 நாளுக்கு 48 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். முதலில் நான் சேர்ந்த ஓர் உணவகத்தில் பே ஸ்லிப் இல்லாமல் கையில் பணம் கொடுத்தார்கள், குறைவாக. நம்ம ஆள்தானே என்று மூன்று மாதம் பேசாமல் இருந்தேன். அந்த உழைப்புக்கு இன்று என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. நீங்கள் முதல் வாரமே பே ஸ்லிப் கேளுங்கள். எதிலாவது மொழி தடுத்தால் 131 450-க்கு அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். படிப்பில் 48 சர்வீஸ், அதாவது 48 வேளைச் சமையல், நிஜக் கிச்சனில் நின்று முடித்ததற்கும் கையெழுத்து வேண்டும். ஒவ்வொரு சர்வீஸுக்கும் அன்றன்றே வாங்கிவிடுங்கள்.

வேலை முடிந்து இரவு 11 மணிக்கு வெளியே வரும்போது ராயபுரத்தில் மாலை ஆறரை. அங்கே கோடை வந்து கடிகாரத்தை மாற்றினால் ஐந்தரை. என் மகள் டியூஷனுக்குக் கிளம்பும் நேரம் அது. ரயிலில் உட்கார்ந்து தினமும் பத்து நிமிடம் பேசுவேன். கால் வலியைப் பற்றிச் சொல்ல மாட்டேன். அவளுக்கு எப்படியோ தெரிந்துவிடும்.

அந்தத் தம்பியிடம், விசா பேச்செல்லாம் இருக்கட்டும், முதலில் ஒரு கொடுவா வாங்கி வாங்க என்றேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காசிமேடு போய் இரண்டு கிலோவில் ஒன்று வாங்கி வந்தார். அம்மா வீட்டுச் சமையல்கட்டில் பலகை போட்டு, கத்தியைப் படுக்க வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் எடுத்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. முள்ளில் நிறையச் சதை ஒட்டியிருந்தது. அம்மா அதை அப்படியே தலையோடு சேர்த்துக் குழம்பில் போட்டாள். அவர் கையைக் கழுவிவிட்டு, "அடுத்த ஞாயிறும் வரட்டுமா அக்கா?" என்று கேட்டார்.