டெல்டா கடற்கரைக்குக் கிளம்பும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூம்புகாரில் தொடங்கி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி வழியாகக் கோடியக்கரை வரை நீளும் கடற்கரைக்கு வர நினைப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "பிள்ளைகளுக்கு லீவு எப்போது?" என்பதுதான். காரியம் கெடுவதும் அங்கேதான். இந்தக் கரையில் மழைக்கு ஒரு கணக்கு, மீனுக்கு ஒரு கணக்கு, கொடியேற்றத்துக்கு ஒரு கணக்கு உண்டு. பள்ளி விடுமுறைப் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அறை எடுப்பவர், இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் இடித்துக்கொள்வார்.

பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது மே மாதம். கடலோரம் என்பதால் குளுகுளு என்றிருக்கும் என்ற நம்பிக்கை. உண்மையில் அக்னி நட்சத்திரத்தில் இங்கே காலை எட்டு மணிக்கே புழுக்கம் ஆளைப் பிழிந்துவிடும். கடற்காற்று உள்ளே வருவதற்கு நண்பகல் ஆகிவிடும். காவிரியும் வறண்டு கிடக்கும். மேட்டூர் அணை பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. காவிரி கடலோடு கலக்கும் காட்சியைப் பார்க்க மே மாதம் பூம்புகார் போகிறவருக்கு முகத்துவாரத்தில் மணல்மேடுதான் தரிசனம் தரும்.

அடுத்த பிழை, அரையாண்டு விடுமுறை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. டெல்டாவின் பெருமழையும் புயலும் இந்த மூன்று மாதத்தில்தான் வரும். 2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. இந்த மாதங்களில் வரவே கூடாது என்றில்லை. மழைக்குப் பின் தெளிந்த வானத்தில் கடல் அழகாகத்தான் இருக்கும். ஆனால் ரத்து செய்தால் பணம் திரும்பாத அறையை நவம்பரில் எடுக்காதீர்கள். கிளம்பும் முன் வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். நாகை, காரைக்கால் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதாகச் செய்தி வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

டிசம்பர் 26 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2004-இல் சுனாமி தமிழ்நாட்டில் அதிகம் பலிகொண்டது அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில்தான். அந்த ஒரு மாவட்டத்திலேயே ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி என்று மீனவ ஊர்கள் எல்லாம் அன்றைக்குத் துக்கம் அனுசரிக்கின்றன. கடலில் பால் ஊற்றி, பூத்தூவி அழுவார்கள். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் ஓய்வெடுக்க வந்தவர்கள் அதே கரையில் பாட்டுப் போட்டு ஆடுவது ஊர்க்காரர்கள் கண்ணில் எப்படித் தெரியும் என்று சொல்லத் தேவையில்லை.

எனக்குப் பிடித்த காலம் பொங்கல் முடிந்ததிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை. காணும் பொங்கலை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அன்று கடற்கரையில் மணல் தெரியாது. அதற்குப் பிறகு மழை ஓய்ந்திருக்கும், சம்பா அறுவடை நடக்கும், வெயிலும் தாங்கும்படி இருக்கும். இரண்டு நாள் லீவு போட்டாலும் பரவாயில்லை.

மீன் சாப்பிட வருகிறவர்களுக்கு

மே மாதத்தை நான் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம், மீன். கிழக்குக் கடற்கரையில் ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன்கள் இனம் பெருக்கும் காலம் என்பதால் அரசு விதிக்கும் தடை இது. விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். நாட்டுப்படகுகளும் ஃபைபர் படகுகளும் கரைக்கு அருகே போய்வருவதால் மத்தி, நெத்திலி, கிழங்கான், நண்டு போன்றவை கொஞ்சம் கிடைக்கும். பெரிய வஞ்சிரத்துக்கும் வவ்வாலுக்கும் விலை ஏறிவிடும். "இப்போதுதான் கரை இறங்கியது" என்று உணவகத்தில் காட்டும் துண்டு ஐஸ் பெட்டியில் எத்தனை நாள் இருந்ததோ. இறாலும் அப்படித்தான்: இந்தக் கரை நெடுகக் குளங்களில் வளர்க்கும் வனாமி இறால், கடல் இறால் விலைக்கு இலைக்கு வந்துவிடும். வனாமியும் நல்ல இறால்தான், கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கலாம் அல்லவா?

தடைக்காலத்தில் வந்தே ஆக வேண்டியவர் வஞ்சிரத்தை மறந்துவிட்டு, "இன்று நாட்டுப்படகு மீன் என்ன இருக்கிறது?" என்று கேட்டால் போதும். மலிவாகவும் நன்றாகவும் சாப்பிடலாம்.

வேளாங்கண்ணிக் கடற்கரைப் பாதையில் மசாலா தடவி அடுக்கி வைத்திருக்கும் மீன்களைப் பார்த்ததும் கை நீட்டி, "அதைப் பொரித்துக் கொடுங்கள்" என்று சொல்லிவிடுவது இன்னொரு வழக்கமான தவறு. மசாலாவுக்கு அடியில் மீனின் வயது தெரியாது. மசாலா தடவாத மீனைக் காட்டச் சொல்லுங்கள். கண் பளிச்சென்று இருக்கிறதா, செவுள் சிவந்திருக்கிறதா, விரலால் அழுத்தினால் குழி விழாமல் சதை எழும்புகிறதா என்று பாருங்கள். விலையை எண்ணெயில் போடும் முன் பேசுங்கள். வாணலியில் விழுந்த மீனுக்குப் பேரம் கிடையாது.

கடலில் இறங்கும்போது

இது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வேளாங்கண்ணியில் மொட்டை போட்டுவிட்டுக் கடலில் குளிப்பதும், பூம்புகாரில் அமாவாசைக்கு மூழ்குவதும் காலங்காலமான வழக்கம். அந்த வழக்கமே ஒரு பொய்யான தைரியத்தைக் கொடுத்துவிடுகிறது: இத்தனை பேர் இறங்குகிறார்களே, நமக்கு என்ன ஆகிவிடும்?

அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டும் நீர் திரும்பிப் போக வழி வேண்டும். கரைக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் மணல்திட்டில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அங்கே அந்த நீரெல்லாம் சேர்ந்து, வாய்க்கால் பிடித்தாற்போல் கடலை நோக்கி ஓடும். கரையில் நின்று பத்து நிமிடம் பார்த்தால் இந்த இடம் புலப்படும். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு துண்டு மட்டும் அலை உடையாமல் அமைதியாக இருக்கும். தண்ணீர் சற்றுக் கறுத்தோ, மணல் கலங்கியோ தெரியும். அதன் மேல் மிதக்கும் நுரையும் குப்பையும் கரைக்கு வராமல் வெளியே போய்க்கொண்டிருக்கும். ஆளை இழுப்பது அந்த இடம்தான். பெற்றோர் செய்யும் தவறோ நேர் எதிரானது: "அங்கே அலை பெரிதாக இருக்கிறது, இங்கே வா" என்று பிள்ளையைச் சரியாக அந்த அமைதியான துண்டுக்குள் கூப்பிடுகிறார்கள்.

அதில் மாட்டிக்கொண்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்துப்போவார். உயிர் போவது பெரும்பாலும் அந்தக் களைப்பால்தான். இழுப்பின் அகலம் அதிகம் இருக்காது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதைவிட்டு வெளியேறி, பிறகு உடையும் அலைகளோடு சேர்ந்து கரைக்கு வர வேண்டும். நீந்த முடியாவிட்டால் மல்லாந்து மிதந்துகொண்டே கையைத் தூக்கி ஆட்களைக் கூப்பிட வேண்டும். கரையில் இருப்பவர் உடனே குதிக்கக் கூடாது. ஒருவரை இழுக்கப் போன இரண்டாமவர், அவரைப் பிடிக்கப் போன மூன்றாமவர் என்று ஒரே குடும்பத்தில் பல உயிர்கள் போவது இப்படித்தான். கயிறு, மூடிய காலிக் குடிநீர் கேன், பக்கத்தில் கிடக்கும் மிதவை என்று எது கிடைத்தாலும் வீசுங்கள். மீனவர்களைக் கத்திக் கூப்பிடுங்கள்.

புடவையோடும் சுடிதாரோடும் இடுப்பளவு நீருக்குப் போவது, குடித்துவிட்டு இறங்குவது, இருட்டிய பிறகு இறங்குவது ஆகிய மூன்றும் எந்தக் கடலிலும் கூடாது. இந்தக் கரைக்கென்றே உள்ளவை இரண்டு. முதலாவது, ஆற்று முகத்துவாரங்கள். வேளாங்கண்ணியில் வெள்ளையாறு, காரைக்காலில் அரசலாறு, பூம்புகாரில் காவிரி. மேலே ஆழமில்லாததுபோல் தெரியும் இடத்தில் திடீரென்று பள்ளம் இருக்கும். நேற்று இருந்த மணல்திட்டு இன்று இருக்காது. இரண்டாவது, கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் பாறாங்கற்கள். தரங்கம்பாடியில் மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோனபின் மிச்சத்தைக் காப்பது அந்தக் கற்கள்தான். பாசி பிடித்துக் கிடக்கும் அவற்றின் மேல் ஏறிப் படம் எடுப்பவர் வழுக்கினால் கற்களுக்கு இடையில்தான் விழுவார்.

குளிப்பதற்கு முன், வலை பிரித்துக்கொண்டிருக்கும் யாரிடமாவது, "ஐயா, இன்றைக்கு நீரோட்டம் எப்படி?" என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

கூட்டம் எப்போது, கதவு எப்போது

வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தில் தொடங்கி செப்டம்பர் 8 மாதா பிறந்தநாளில் முடியும். பக்திக்காக வருகிறவர்கள் அப்போதுதான் வர வேண்டும். ஓய்வுக்காக வருகிறவர்கள் அந்த வாரத்தில் வந்தால் அறையும் கிடைக்காது, கடலும் தெரியாது. அதற்குச் சில நாள் முன்பிருந்தே காவி உடுத்திக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்து வரும் பக்தர்கள் இரவிலும் நடப்பார்கள். அந்நாட்களில் இரவில் கார் ஓட்டுவதைத் தவிர்ப்பது அவர்களுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

நாகூர் கந்தூரி இஸ்லாமிய மாதக் கணக்கில் வருவதால் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகர்ந்துகொண்டே இருக்கும். போன ஆண்டுத் தேதியை நம்பி இந்த ஆண்டு கிளம்பாதீர்கள். காரைக்கால் மாங்கனித் திருவிழா ஆனிப் பௌர்ணமியில். திருநள்ளாற்றில் எந்தச் சனிக்கிழமையும் கூட்டம்தான். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் ஆண்டு முழுக்க நடப்பதால் நல்ல முகூர்த்த நாளில் அங்கே மட்டுமல்ல, பக்கத்துத் தரங்கம்பாடியிலும் அறை கிடைப்பது கடினம். ஆகவே அறை பதிவு செய்யும் முன் பஞ்சாங்கத்தை ஒருமுறை புரட்டிவிடுங்கள். தினசரிக் காலண்டரின் பின்பக்கமே போதும்.

பூம்புகாரிலிருந்து வேளாங்கண்ணி வரை எழுபது கிலோமீட்டர் அளவில்தான். அதனாலேயே எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று திட்டம் போடுகிறார்கள். கோயில்கள் பன்னிரண்டு மணியளவில் நடை சாத்தினால் மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த நான்கு மணி நேரமும் காரில் ஏசி போட்டு உட்கார்ந்திருப்பதுதான் மிச்சம். தரங்கம்பாடியின் டேனிஷ் கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வெள்ளியும் சனியும் இந்தப் பக்கம் சுற்றுகிறவர், வெள்ளியன்று பூட்டிய கோட்டையையும் சனியன்று திருநள்ளாற்று வரிசையையும் பார்த்துத் திரும்புவார்.

தரங்கம்பாடியை ஒரு மணி நேரத்தில் பார்ப்பது வீண். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 1706-இல் வந்திறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்க் அடங்கியிருப்பது இங்குள்ள புதிய எருசலேம் ஆலயத்தில். விடுதிகள் குறைவு; கிடைத்தால் ஓர் இரவு தங்கி, காலை ஆறு மணிக்கு நுழைவாயிலிலிருந்து ராஜ வீதி வழியாகக் கோட்டை வரை நடந்து பாருங்கள். பூம்புகாரிலோ எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பழைய பட்டினத்தின் பெரும்பகுதி கடலுக்குள் இருக்கிறது என்பார்கள். கண்ணெதிரே நிற்கும் சிலப்பதிகாரக் கலைக்கூடம் 1973-இல் கட்டியது. உண்மையான பழமையைத் தேடுகிறவர்கள் கீழையூரில் அகழ்ந்தெடுத்த செங்கல் படகுத்துறையையும் பல்லவனேஸ்வரத்துப் புத்த விகாரத்தின் அடித்தளத்தையும் விசாரித்துக்கொண்டு போகலாம்.

கடலில் சூரியன் மறைவதைப் பார்க்க மாலையில் வந்து நிற்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். இது வங்கக்கடல், சூரியன் மறைவது உங்கள் லாட்ஜுக்குப் பின்னால். விடியலுக்கு அலாரம் வையுங்கள். மாலையில் கடலில் ஏதாவது உதிப்பதைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் பௌர்ணமியன்று வாருங்கள். சூரியன் மேற்கே இறங்கும் நேரத்தில் நிலா கடலிலிருந்து எழும்பும்.

சில்லறை விஷயங்கள்: காரைக்கால் புதுச்சேரி ஆட்சிப் பகுதி. அங்கே மலிவாக இருக்கிறதென்று மதுப்பாட்டில்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு தமிழ்நாட்டுக்குள் வந்தால் சோதனைச்சாவடியில் வழக்கு விழும். வாடகைக் காரில் வருகிறவர்கள் காரைக்கால் எல்லைக்கான அனுமதிக் கட்டணம் யார் பொறுப்பு என்று ஓட்டுநரிடம் முன்பே பேசிவிடுங்கள். கோடியக்கரைக்குப் பூநாரை பார்க்க மே மாதம் போகாதீர்கள். வலசைப் பறவைகள் மழைக்காலத்தோடு வந்து கோடைக்கு முன் கிளம்பிவிடும்.

தரங்கம்பாடிக்கு இப்போது ரயில் கிடையாது. மயிலாடுதுறையில் இறங்கி முப்பது கிலோமீட்டர் பஸ்ஸில் வர வேண்டும். நாகை, வேளாங்கண்ணி, காரைக்காலுக்கு ரயில் உண்டு. முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். வருவதற்கு டிக்கெட் எடுத்துவிட்டு, "திரும்புவதற்கு அங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்று விடுகிறவர்கள்தான் ஞாயிற்றுக்கிழமை இரவு நாகை பஸ் நிலையத்தில் சென்னை வண்டிக்கு முண்டியடிக்கிறார்கள். திரும்பும் தேதிக்கு முன்பதிவு திறக்கும் காலையிலேயே அந்த டிக்கெட்டையும் எடுத்துவிடுங்கள்.