ஊட்டிக் குளிரில் தெருவோரம் படுப்பவர்களிடையே ஊழியம்

டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும். பஸ் ஸ்டாண்ட், கடைத் திண்ணைகளில் படுப்பவர்களைப் பார்க்க இரவு 8 மணிக்குள் இருவர் இருவராகப் போங்கள். தூங்குபவரைத் தொட்டு எழுப்பாதீர்கள்; கால்மாட்டில் நின்று "ஐயா", "அம்மா" என்று கூப்பிடுங்கள்.

கம்பளி கொடுக்கிறவர்கள் தரையை மறந்துவிடுகிறார்கள். சிமெண்ட் தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். முதலில் தார்ப்பாய், அதன்மேல் மூன்று நான்கு அடுக்கு அட்டைப்பெட்டி, பிறகு ஒரு கம்பளி கீழே, ஒன்று மேலே. ஈர சாக்ஸைக் கழற்றி உலர்ந்ததை மாட்டிவிடுங்கள். மூடிய இடத்தில் கரி அடுப்பு வேண்டவே வேண்டாம்; கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும்.

ஜெபம் சாப்பாட்டுக்குக் கூலி அல்ல. சாப்பிட்டு முடித்த பிறகு, "உங்களுக்காக ஜெபிக்கலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அடுத்த வாரமும் அதே டீ, அதே அன்பு. குளிர்காயுங்கள் என்று வாயால் சொல்லி அனுப்புவதைத்தான் யாக்கோபு 2:16 கண்டிக்கிறது. பெயரைக் கேட்டு நினைவில் வையுங்கள். அதே கிழமை, அதே நேரம் திரும்பி வந்து பெயர் சொல்லி அழைத்தால்தான், கர்த்தர் தன்னை மறக்கவில்லை என்ற நம்பிக்கை துளிர்க்கும்.

சாராயம் சூடேற்றுவது போலத் தோன்றும்; உண்மையில் உடம்புச் சூட்டை வெளியேற்றும். நடுக்கம் நின்று பேச்சு குழறினால் போதை என்று கடந்துபோகாதீர்கள்; உடம்புச் சூடு ஆபத்தான அளவுக்குக் குறைந்திருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள். கை கால்களைத் தேய்க்கக் கூடாது, மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.