எலியின் நடையை அளக்கும்போது முழந்தாள் பொட்டை நம்பாதீர்கள்

நரம்புக் காயம் நடையை எப்படி மாற்றுகிறது என்று பார்க்க, வெள்ளெலியின் பின்னங்காலில் அடையாளப் பொட்டுகள் ஒட்டி நடையைக் கமராவில் பதிவு செய்பவர்களுக்கு, மோசமான பிழை முழந்தாளில்தான் வருகிறது. அங்கே தோல் தளர்ந்திருக்கும். எலும்பு ஒருபக்கம் போக, தோல் இன்னொருபக்கம் வழுக்கும். வளர்ந்த எலியின் தொடையெலும்பு ஏறக்குறைய 35 மில்லிமீற்றர். பொட்டு 5 மில்லிமீற்றர் விலகினாலே தொடையின் கோணம் 8 பாகை பிசகிவிடும். நீங்கள் தேடும் நரம்புக் காயத்தின் விளைவு அந்த 8 பாகைக்குள்ளேயே மறைந்து போகலாம்.

ஆகவே முழந்தாளைக் கணித்தே எடுங்கள். எக்ஸ்ரே படத்தில் தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் அளந்து வையுங்கள். ஒவ்வொரு எலிக்கும் தனித்தனியே, சராசரி வேண்டாம். பக்கவாட்டுப் படத்தில் இடுப்பு மூட்டை மையமாக வைத்து முதல் நீளத்தில் ஒரு வட்டம், கணுக்காலை மையமாக வைத்து இரண்டாம் நீளத்தில் ஒரு வட்டம். கவராயத்தால் கீறுவது போலத்தான். வெட்டும் இரு புள்ளிகளில் தலைப்பக்கம் இருப்பதே முழந்தாள். வட்டங்கள் வெட்டவே இல்லையென்றால் இடுப்புப் பொட்டு இடம் மாறியிருக்கிறது: காலை மெல்ல முன்னும் பின்னும் அசைத்து, விரல்நுனியில் தட்டுப்படும் எலும்பு மேட்டைத் தேடி மறுபடி ஒட்டுங்கள். மயிர் மழிக்க மயக்கமருந்து கொடுத்திருந்தால் அன்றைக்கே நடக்கவிடக் கூடாது.

பொட்டே வேண்டாம், மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்பதும் தவறு. வீடியோவில் உடற்பாகங்களைத் தானே அடையாளம் காணும், 2018இல் வந்த டீப்லாப்கட் போன்றவை அருமையான கருவிகள். ஆனால் அவற்றுக்கும் தெரிவது தோல்தான்.

அடுத்தது வேகம். வேகம் கூடினால் பாதம் நிலத்தில் நிற்கும் நேரம் குறையும், எட்டு (காலடி) நீளும். காயப்பட்ட எலி மெதுவாக நடப்பதால் மட்டுமே வந்த வேறுபாட்டை நோயின் அடையாளம் என்று எழுதிவிடாதீர்கள். ஒரே வேக எல்லைக்குள் வரும் எட்டுகளையே ஒப்பிடுங்கள். தொடக்க எட்டையும் கடைசி எட்டையும், மோப்பம் பிடித்து நின்ற ஓட்டங்களையும் கழியுங்கள். 8 எலிகள் தலா 20 எட்டு நடந்தால் மாதிரி எண்ணிக்கை 8தான், 160 அல்ல.

கால் காற்றில் இருக்கும் நேரம் ஏறக்குறைய 0.1 செக்கன். செக்கனுக்கு 30 படம் எடுக்கும் கைபேசியில் அதற்கு மூன்றே படங்கள் கிடைக்கும், செக்கனுக்கு 200 படம் வேண்டும். அந்த வேகத்தில் இன்னொரு தொல்லை: நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், மலிவான எல்இடி மின்குமிழ் செக்கனுக்கு 100 தடவை மினுங்கும். ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வந்து பொட்டு காணாமல் போகும். பற்றரியில் எரியும் விளக்கே நல்லது.

யாழ்ப்பாணத்துச் சித்திரை வெக்கையில், குளிரூட்டிய அறையிலிருந்து எலியை வெளியே கொண்டுவந்து உடனே நடக்கவிட்டால் அது சோர்ந்து படுக்கும், அல்லது பயந்து ஓடும். பதிவும் அதே குளிர் அறையிலேயே நடக்கட்டும். நடைபாதைக்கு நாலைந்து நாள் பழக்குங்கள்.

சதுரங்கக் கட்ட அட்டையால் கமராக்களை அளவுதிருத்துவதைக் காலையில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை செய்யுங்கள். தெரிந்த நீளமுள்ள கோல் இரண்டு தடவையும் ஒரே அளவு காட்டாவிட்டால், இடையில் யாரோ முக்காலியைத் தட்டியிருக்கிறார்கள். அன்றைய பதிவை மறுபடி எடுக்கத்தான் வேண்டும்.